இரண்டு வளைவுகளும் ஒரு வெள்ளைக் கோடும்

2010 ஆகஸ்ட் 26. இலண்டன் லார்ட்ஸ் திடலில் இங்கிலாந்தும் பாகிஸ்தானும் ஆடும் டெஸ்ட் போட்டியின் முதல் நாள். மூன்றாம் ஓவரின் முதற்பந்தை வீச முகமது ஆமிர் ஓடிவருகிறார். இடக்கை வேகப்பந்து வீச்சாளர், அகவை பதினெட்டு. அவர் முன்னங்கால் தரையை அறையும்போது வெள்ளைக் கோடு குதிகாலுக்கு வெகுவாகப் பின்னே கிடக்கிறது. நடுவர் கையைப் பக்கவாட்டில் நீட்டுகிறார். நோ-பால். இங்கிலாந்தின் கணக்கில் ஓர் ஓட்டம் ஏறுகிறது, ஆட்டம் தொடர்கிறது. அந்த ஓர் ஓட்டத்தின் பொருட்டு ஒரு ஞாயிறு இதழும், ஒரு தீர்ப்பாயமும், ஒரு குற்றவியல் நீதிமன்றமும், ஒரு சிறையும் அடுத்தடுத்து வாய் திறக்கப்போவதை அரங்கில் அமர்ந்திருந்தோர் அறிய வழியில்லை.

அந்தக் காலடியைச் சற்று அணுகிப் பார்ப்போம். வேகப்பந்து வீச்சாளர் கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டு ஓடுவதில்லை. அவர் கண் மட்டையாளர் முனையில் இருக்கும். ஓடத் தொடங்கும் இடத்தில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்கிறார். பல்லாயிரம் முறை ஓடிப் பழகிய தசைகள் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன. நீளந்தாண்டும் வீரர்களின் ஓட்டத்தை 1982இல் ஆராய்ந்த டேவிட் லீயும் அவர்தம் தோழர்களும் இதற்கு நெருங்கிய ஓர் உண்மையைக் கண்டனர். ஓட்டத்தின் பெரும்பகுதியில் காலடிகள் ஒரே வார்ப்பில் விழுகின்றன. ஒவ்வோர் அடியிலும் நேரும் நுண்பிழை அடுத்த அடியில் சேர்ந்து பெருகுகிறது. கடைசிச் சில அடிகளில் மட்டும் பார்வை தலையிட்டு, திரண்ட பிழையைச் சுருக்கி, பாதத்தைப் பலகையில் சேர்க்கிறது. பந்துவீச்சாளரிடமும் பழக்கம் இவ்வாறே காவல் நிற்கிறது என்று கொண்டால், வழக்கமான நோ-பால் விரற்கடை அளவில் நேரும் சறுக்கல். வெகுதூரம் கோட்டைத் தாண்டுவதற்கு அந்தக் காவலை மனம் முனைந்து விலக்க வேண்டும். பிழைக்கும் குற்றத்துக்கும் இடையிலுள்ள தொலைவை அளவுகோல் வைத்து அளக்க வாய்த்த அரிய வழக்கு இது.

அளந்தவர்கள் அளந்தார்கள். ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ இதழின் மாறுவேடச் செய்தியாளர் மசர் மஹ்மூத், வீரர்களின் முகவர் மசர் மஜீதுக்கு 1,50,000 பவுண்டு கொடுத்து, எந்தெந்தப் பந்து நோ-பாலாகும் என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார். ஆமிரின் விடுதி அறையில் அந்தப் பணத்திலிருந்து 1,500 பவுண்டு கிடைத்தது. அணித்தலைவர் சல்மான் பட், மற்றொரு பந்துவீச்சாளர் முகமது ஆசிப், ஆமிர் ஆகிய மூவரையும் பன்னாட்டு மட்டைப்பந்து மன்றத்தின் தீர்ப்பாயம் 2011 பிப்ரவரியில் தண்டித்தது. அவ்வாண்டு நவம்பர் 3 அன்று இலண்டன் சதர்க் நீதிமன்றம் பட்டுக்கு முப்பது மாதம், ஆசிப்புக்கு ஓராண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆமிருக்கு ஆறு மாதம் எனச் சிறை விதித்தது. ஆமிர் அதில் பாதியை இளங்குற்றவாளிகளுக்கான சிறையில் கழித்து வெளிவந்தார். (வேறொரு வழக்கில் சான்றைத் திரித்ததற்காக அந்தச் செய்தியாளரே 2016இல் பதினைந்து மாதச் சிறை பெற்றார் என்பது இந்தக் கதையின் ஒரு கசப்பான கிளை.)

இனி வினா: குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுத் தண்டனை துய்த்த ஆட்டக்காரர் மீண்டும் ஆடத் தகுதியுடையவரா? தேநீர்க் கடையில் இந்த வினா ஒரே மூச்சில் எழும். ஒரே மூச்சில் விடையும் வரும். ஆனால் ‘தகுதி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வேறுவேறு வினாக்கள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. இவர் மறுபடியும் செய்வாரா என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு மட்டும் அறிவியலிடம் ஓரளவு விடை உண்டு.

பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெத்தலே, 1831இல் பிரான்சு நாட்டுக் குற்றப் பதிவுகளை அகவை வாரியாக அடுக்கிப் பார்த்தார். வளர்பருவத்தில் விரைந்து ஏறி, இருபதுகளில் உச்சி தொட்டு, பின் இறங்கும் ஒரு வளைவு தோன்றிற்று. நாடும் நூற்றாண்டும் மாறினும் அந்த வளைவு ஏறத்தாழ அதே உருவில் திரும்பத் திரும்ப வருகிறது. உச்சி மட்டும் சற்று முன்பின்னாக நகர்கிறது. இதன் வேரை மூளையில் தேடுவோர், பரிசை நாடித் துள்ளும் ஆழ்மூளைப் பகுதிகள் வளர்பருவத்திலேயே விழித்துக்கொள்கின்றன என்றும், விளைவை எண்ணிக் கடிவாளம் பிடிக்கும் நெற்றிப்புறப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்றும் காட்டுகின்றனர். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணினி வண்டியோட்ட விளையாட்டைக் கொடுத்தனர். தனியே ஆடியபோது அடக்கமாக ஓட்டிய இளையோர், தோழர்கள் அருகில் இருந்தபோது துணிந்து இடரில் பாய்ந்தனர். முதிர்ந்தோரிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை.

பதினெட்டு அகவை இளைஞன். அருகில் இருப்பவரோ வெறும் தோழர் அல்லர், அணித்தலைவர். குஜர்கான் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவனை அணியில் வைப்பதும் நீக்குவதும் அவர் சொல்லில் தொங்கின. இது ஆமிரின் செயலை விளக்குகிறது, நேர் செய்துவிடாது. அதே அகவையில், அதே நெருக்கடியில் விலைபோகாத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

வளைவு இறங்கும் என்பது பொதுவான செய்தி. எவ்வளவு காலத்தில் இறங்கும்? ஆல்ஃபிரெட் புளும்ஸ்டைன், கிமினோரி நாகமுரா இருவரும் 2009இல் இதற்கு எண்ணாகவே விடை தந்தனர். 1980இல் நியூயார்க் மாநிலத்தில் முதன்முறையாகக் கைதான ஏறத்தாழ 88,000 பேரின் பிற்காலப் பதிவுகளை அவர்கள் பின்தொடர்ந்தனர். கைதான ஒருவர் வேறு குற்றமின்றி நாள்களைக் கடத்தக் கடத்த, மறுபடியும் கைதாகும் இடர் தேய்கிறது. ஒருநாள் அது அதே அகவையிலுள்ள பொதுமக்களின் இடரோடு சமமாகிறது. பதினெட்டு அகவையில் வழிப்பறிக்குப் பிடிபட்டவர் அந்தச் சமநிலையை 7.7 ஆண்டில் எட்டினார். கடுந்தாக்குதலுக்கு 4.3 ஆண்டு, கன்னமிட்டுத் திருடியவருக்கு 3.8 ஆண்டு. நோ-பால் விற்றவர்களுக்கென்று ஒரு பட்டியல் அதில் இல்லை. ஆயினும் நான் இந்த ஆய்வை மதிப்பது எண்களுக்காக மட்டுமன்று. ‘ஒருமுறை திருடன் என்றும் திருடன்’ என்ற கூற்று கணக்கில் தோற்கிறது என்பதை அது காட்டியது. கூடவே, ‘தண்டனை முடிந்த மறுநாளே அவர் நம்மைப் போன்றவர்’ என்ற கூற்றும் தோற்கிறது என்பதையும் காட்டியது.

இங்கேதான் ஆட்டக்காரர் மற்ற குற்றவாளிகளிலிருந்து வேறுபடுகிறார். அவருக்கு இரண்டாவது வளைவு ஒன்று உண்டு: உடலின் வளைவு. வேகப்பந்து வீச்சாளரின் முன்னங்கால் ஒவ்வொரு பந்துக்கும் தம் உடல் எடையைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு விசையை வாங்குகிறது. அந்த அதிர்வு முழங்கால் வழியே ஏறி இடுப்பு முள்ளெலும்பில் இறங்குகிறது. இருபத்தைந்துக்குக் கீழ்ப்பட்டோருக்கு அந்த எலும்பு இன்னும் முற்றாததால் கீறல்முறிவு மிகுதி. முப்பதைக் கடந்தாலோ வேகம் கரையத் தொடங்கும். நடுவே உள்ள சில ஆண்டுகளே அவர் வாழ்வின் விளைச்சல் நிலம். குற்ற வளைவின் உச்சியும் உடல் வளைவின் ஏற்றமும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எழுத்தரோ கடைக்காரரோ ஐந்தாண்டு இழந்தால் ஐந்தாண்டு இழந்தார். ஓடித் தாவி வாழ்பவருக்கு அதே ஐந்தாண்டு பாதி வாழ்க்கை.

லார்ட்ஸ் மூவரின் தண்டனையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். பட்டுக்குப் பத்தாண்டு, அதில் ஐந்து நிறுத்திவைப்பு. ஆசிப்புக்கு ஏழாண்டு, அதில் இரண்டு நிறுத்திவைப்பு. ஆமிருக்கு ஐந்து. கழித்துப் பார்த்தால் மூவரும் துய்த்தது ஒரே ஐந்தாண்டு. மூவருக்கும் தடை நீங்கியது 2015 செப்டம்பரில். அப்போது ஆசிப்புக்கு முப்பத்திரண்டு, பட்டுக்கு முப்பது, ஆமிருக்கு இருபத்து மூன்று. முதல் இருவரும் பாகிஸ்தான் அணிக்கு மீண்டும் ஆடவே இல்லை. ஆமிர் 2016 சனவரியில் ஆக்லாந்தில் நாட்டுக்காகப் பந்தெடுத்தார். நாள்காட்டியை வைத்து அளந்த ஒரே தண்டனையை மூன்று உடல்கள் மூன்று அளவாக வாங்கின. தடையாண்டுகளை விதிக்கும் தீர்ப்பாயங்கள் உடலியல் வல்லுநரையும் அருகில் அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஆமிரும் பழைய ஆமிராகத் திரும்பிவிடவில்லை. தடைக்கு முன் 14 டெஸ்டில் 51 விக்கெட். பின் 22 டெஸ்டில் 68. போட்டிக்கு மூன்றரைக்கு மேல் இருந்தது மூன்றைச் சற்றுத் தாண்டியதாக இறங்கியது. 2019இல், இருபத்தேழு அகவையில், டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார்.

வாழ்நாள் தடையே சரி, அப்போதுதான் மற்றவர் அஞ்சுவர் என்போர் உண்டு. 1764இல் சேசரே பெக்காரியா எழுதியதும், பிற்காலக் குற்றவியலார் தரவுகொண்டு உறுதி செய்ததும் வேறு: அச்சுறுத்துவது தண்டனையின் கடுமையைவிட, அகப்பட்டே தீருவோம் என்ற உறுதி. தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோனியே ஆட்டத்தை விலைபேசியதற்காக 2000இல் வாழ்நாள் தடை பெற்றார். உலகமே பார்த்த தண்டனை அது. அப்போது ஆமிருக்கு வயது எட்டு. பத்தாண்டுக்குள் அவரும் அதே சேற்றில் கால் வைத்தார்.

இவ்வளவும் ‘மறுபடி செய்வாரா’ என்ற முதல் வினாவைச் சுற்றியது. அடுத்த வினா, குற்றம் செய்யக் கருவியாயிருந்த இடத்திலேயே அவரை மீண்டும் நிறுத்தலாமா என்பது. கல்லாவில் கை வைத்தவரைக் கல்லாவிலேயே உட்காரவைக்க எந்த முதலாளியும் தயங்குவார். 2015 திசம்பரில் முகமது ஹபீசும் அசார் அலியும் ஆமிர் இருக்கும் பயிற்சி முகாமுக்கு வர மறுத்ததன் நியாயம் அதுதான். நான் அதை மதிக்கிறேன். பின்னர் இருவரும் மனம் மாறி வந்தனர். 2017 சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப்போட்டியில் ஆமிரின் பந்தில் விராட் கோலி கொடுத்த பிடியைச் சிலிப்பில் நழுவவிட்டவர் அதே அசார் அலி. அடுத்த பந்திலேயே கோலி ஆட்டமிழந்தார். நழுவவிட்டவருக்கு அன்று ஆமிரே கைகொடுத்தார்.

கடைசி வினா, நாட்டின் பெயரால் ஆடும் பெருமையை அவருக்குத் தரலாமா என்பது. அதில் அறிவியல் கையை விரிக்கிறது. நெதர்லாந்துக் கடற்கரைக் கைப்பந்து வீரர் ஸ்டீவன் வான் டெ வெல்டே, பன்னிரண்டு அகவைச் சிறுமியை வன்புணர்ந்த குற்றத்துக்காக 2016இல் இங்கிலாந்தில் நான்காண்டுச் சிறை பெற்றார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் வெளிவந்து 2017இல் ஆட்டத்துக்குத் திரும்பினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். வீரர் குடியிருப்பில் தங்காமல் வேறிடத்தில் தங்கவைக்கப்பட்டார். ஈபெல் கோபுரத்தின் அடியில் அரங்கம் அவரைக் கூச்சலிட்டு எதிர்கொண்டது. இடர்வீதக் கணக்கு அவருக்குச் சார்பாகவே நின்றிருக்கலாம். ஆயினும் அந்தக் கணக்கில் அந்தச் சிறுமி எந்த நெடுவரிசையிலும் இல்லை. ஆமிரின் குற்றத்தில் ஏமாந்தவர் பல்லாயிரம் பார்வையாளர். அவர்கள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். இங்கே மன்னிக்கும் உரிமை ஒருவருக்கே உரியது. நாட்டின் சின்னத்தைக் குற்றவாளியின் மார்பில் குத்துமுன் அந்த ஒருவரை எவரும் கேட்கும் வழக்கம் இல்லை. கைப்பந்தாடிப் பிழைக்கும் உரிமை வான் டெ வெல்டேவுக்கு உண்டு என்பேன். ஒலிம்பிக் உடையோ பிழைப்பு அன்று, பெருமை. அதை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆமிருக்குக் கொடுத்திருப்பேன். தடை நீங்கித் திரும்பிய பின் வெலிங்டனில் அவர் பந்துவீசியபோது அரங்க அறிவிப்பாளர் கல்லாப்பெட்டி திறக்கும் ஒலியை ஒலிபெருக்கியில் போட்டார். நியூசிலாந்து வாரியம் அதற்கு வருத்தம் தெரிவித்தது. அதையும் அவர் வாங்கிக்கொண்டு ஓடிவந்து வீசினார்.

2016 சூலை, மீண்டும் லார்ட்ஸ். ஆறாண்டுக்குப் பின் அவர் ஆடும் முதல் டெஸ்ட். அவர் பந்தில் இருமுறை பிடி தவறிப் பிழைத்த இங்கிலாந்து அணித்தலைவர் அலஸ்டர் குக், 81 ஓட்டத்தில் அவர் பந்திலேயே குச்சி தகர்ந்து வெளியேறினார். நான்காம் நாள், 283ஐத் துரத்திய இங்கிலாந்து 207இல் நிற்க, கடைசி மட்டையாளர் ஜேக் பாலுக்கு எதிராக ஆமிர் ஓடிவந்தார். குச்சி தகர்ந்தது, பாகிஸ்தானுக்கு 75 ஓட்ட வெற்றி. நோ-பாலில் தகரும் குச்சிக்கு ஆட்டமிழப்பு இல்லை என்பது விதி. அந்த விக்கெட் செல்லும் என்று ஏட்டில் ஏறியது. ஆகவே அந்தப் பந்தில் அவர் கால் கோட்டுக்குப் பின்னால் இருந்தது.