கால் சிரைகளும் சிகிச்சை முறைகளும்

திருப்பதியின் கடைகளிலும் உணவகங்களிலும், சித்தூரின் மாம்பழக்கூழ் ஆலைகளிலும் நாள் முழுவதும் நின்றுகொண்டே உழைப்போர் பலர். அவர்களுள் சிலருக்குக் கெண்டைக்காலில் நீலநிற நாளங்கள் புடைத்து, வளைந்து நெளிந்து காணப்படும். மாலையில் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும். இதனைப் பேச்சு வழக்கில் ‘நரம்புச் சுருட்டல்’ என்பர். ஆயினும் புடைத்திருப்பது நரம்பு அன்று, சிரை. நரம்பு உணர்ச்சியைக் கடத்துவது. சிரை குருதியை இதயத்திற்குத் திரும்பக் கொண்டு செல்வது. தெலுங்குப் பாடத்தில் ‘சிர’ எனப்படுவதும் இதுவே. எனவே, இதனைச் சுருள் சிரை நோய் என்பதே பொருத்தம்.

நோய் தோன்றும் விதம்

காலில் உள்ள குருதி மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. குருதி மேலே செல்கிறது. அது கீழே திரும்பாதவாறு சிரையினுள் இருக்கும் வால்வுகள் ஒருவழிக் கதவுகளைப் போலத் தடுக்கின்றன. அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறுவோருக்கு ஒவ்வோர் அடியிலும் இத்தசை இயங்குகிறது. வரிசையில் அசையாது நிற்போருக்கோ அது ஓய்ந்திருக்கிறது. வால்வுகள் பழுதுபட்டால் குருதி கீழே தேங்கிச் சிரை விரிகிறது. பரம்பரை, முதுமை, உடற்பருமன், கருவுற்றிருத்தல், நெடுநேரம் நிற்றல் ஆகியன இதற்குத் துணைசெய்யும்.

சிகிச்சை முறைகள்

1. அழுத்தக் காலுறை: இது வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், ஆனால், பழுதுற்ற வால்வைச் சீராக்காது. தமனியில் அடைப்பு உள்ளவருக்கு இது தீங்கு செய்யலாம். ஆதலால், மருத்துவரைக் கேட்டே அணிதல் வேண்டும்.

2. ஊசி மருந்து: மருந்தை நுரையாக்கிச் சிரையினுள் செலுத்துவர். சிரையின் சுவர்கள் ஒட்டி மூடிக்கொள்ளும். மயக்க மருந்து வேண்டியதில்லை. சிலருக்கு மீண்டும் செலுத்த நேரிடும்.

3. வெப்பச் சிகிச்சை: மெல்லிய குழாயைச் சிரையினுள் நுழைத்து, லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் அதனை மூடுவர். காலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர்.

4. அறுவைச் சிகிச்சை: பழுதுற்ற சிரையைக் கட்டி அகற்றுவர். இது பழைமையான முறை. ஓய்வு கூடுதலாக வேண்டும். குழாய் நுழைய இயலாதவாறு சிரை நெளிந்திருந்தால் இது பயன்படும்.

‘சிரையை மூடிவிட்டால் குருதி எவ்வழியே செல்லும்?’ என்று நீங்கள் கேட்கலாம். காலின் ஆழத்தில் உள்ள பெரிய சிரைகளே பெரும்பகுதிக் குருதியைச் சுமக்கின்றன. அவை நலமாக உள்ளனவா என்பதை டாப்ளர் ஸ்கேன் வழியே அறிந்த பின்னரே சிகிச்சையை முடிவு செய்வர்.

எது சிறந்தது?

இங்கிலாந்தில் 2013இல் வெளியான மருத்துவ வழிகாட்டுதல், முதலில் வெப்பச் சிகிச்சை, அது பொருந்தாவிடில் நுரை மருந்து, அதுவும் பொருந்தாவிடில் அறுவை என வரிசைப்படுத்துகிறது. இவை எவையும் பொருந்தாதவர்க்கே காலுறையை மட்டும் பரிந்துரைக்கிறது. எனினும், சிரையின் நிலை, வயது, பிற நோய்கள், செலவு ஆகியவற்றைப் பொறுத்தே ஒருவருக்கு ஏற்றது அமையும். கருவுற்ற பெண்களுக்குப் பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின்னரே சிரையை மூடுவர்.

நாள்கூலியை இழக்க அஞ்சி நோயை மறைப்போர் உண்டு. கவனியாது விட்டால் கணுக்கால் அருகே தோல் கறுத்து, எளிதில் ஆறாத புண் தோன்றலாம். புடைத்த சிரையிலிருந்து குருதி வடிந்தால், படுக்கவைத்துக் காலை உயர்த்தி, தூய துணியால் அழுத்திப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். திருப்பதியில் 1993 முதல் இயங்கிவரும் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனமும் அரசு ரூயா மருத்துவமனையும் உள்ளன. நம் வீட்டில் நின்று உழைப்போரின் கால்களை நாமும் கவனிப்போம். காலத்தே மருத்துவரிடம் செல்லத் துணைநிற்போம்.

சொற்பொருள்
குருதி – இரத்தம். நாளம் – இரத்தக் குழாய். தமனி – இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் நாளம்.

விடை எழுதுக
1. நரம்புக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அழுத்தக் காலுறையையும் வெப்பச் சிகிச்சையையும் ஒப்பிட்டு எழுதுக.
3. நின்று பணிபுரியும் உங்கள் உறவினர் ஒருவருக்கு இந்நோய் குறித்துக் கடிதம் எழுதுக.