சிற்றுருவில் ஒரு நிலவுக்கலம்

ஒரு பொருளைப் பேரளவில் செய்யுமுன் அதன் சிற்றுருவைச் செய்து பார்ப்பது கைவினைஞரின் நெடுநாள் வழக்கம். விண்வெளிப் பொறியியலும் அவ்வழக்கத்தைப் பின்பற்றுகிறது. எனினும், நிலவில் இறங்கும் கலத்தின் சிற்றுருவுக்குக் கூடுதலான ஒரு பணி உண்டு. ஈர்ப்பு குறைந்த வேற்றுலகில் கலம் எவ்வாறு இயங்கும் என்பதை அது புவியிலேயே காட்டியாக வேண்டும். அதற்கு அச்சிற்றுரு எந்த அளவில் அமைதல் வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

முதல் தரையிறங்கிகள்

நிலவில் சிதையாமல் மெல்ல இறங்கிய முதல் கலம், சோவியத் ஒன்றியத்தின் லூனா 9 ஆகும். 1966 பிப்ரவரி 3 அன்று அதன் சிறு பெட்டகம், காற்றுப்பைகளின் காப்புடன் தரையைத் தொட்டது. அதே ஆண்டு ஜூன் 2 அன்று அமெரிக்காவின் சர்வேயர் 1, ‘புயல்களின் பெருங்கடல்’ எனப்படும் நிலவுச் சமவெளியில் மூன்று கால்களை ஊன்றி இறங்கியது. பின்னாளில் மனிதரைச் சுமந்து செல்லவிருந்த கலமும் கால்களை ஊன்றியே இறங்க வேண்டியிருந்தது. ஆகவே, சர்வேயரின் வெற்றி பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது.

சர்வேயரின் உயரம் ஏறக்குறைய 3 மீட்டர். அலுமினியக் குழாய்களாலான முக்கோணச் சட்டமே அதன் உடல். சட்டத்தின் மூன்று மூலைகளிலும் அதிர்வுத் தாங்கிகளுடன் கூடிய கால்கள் இருந்தன. மோதலின் ஆற்றலை ஏற்று நசுங்கும் வகையில், தேன்கூடு போன்ற அலுமினியப் பகுதிகளும் அடியில் பொருத்தப்பட்டிருந்தன. தரைக்கு மேல் சுமார் 3.4 மீட்டர் உயரத்தில் இயந்திரங்கள் அணைக்கப்பட, கலம் தானாக வீழ்ந்து தரையைத் தொட்டது. பாறையில் கால் இடறினால் கலம் கவிழ்ந்துவிடக்கூடும். பல ஆண்டுகால உழைப்பின் பயன் அந்த ஓரிரு நொடிகளைச் சார்ந்திருந்தது.

ஆறில் ஒரு பங்கு

நிலவின் ஈர்ப்பு முடுக்கம் புவியினதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. முழு அளவுக் கலத்தைப் புவியில் அதே உயரத்திலிருந்து போட்டால் அது மிகுந்த வேகத்துடன் மோதும். மேலும், புவியின் வலிமையான ஈர்ப்பு, சாயத் தொடங்கும் கலத்தை மீண்டும் நிலைக்கு இழுக்கும். ஒரே பக்கவாட்டு வேகத்தில் புவியில் நிமிர்ந்து நிற்கும் கலம், நிலவில் கவிழ்ந்துவிடலாம். ஆதலின், அச்சோதனை தவறான நம்பிக்கையைத் தரும்.

கலத்தின் நீளம், அகலம், உயரம் ஆகிய அனைத்தையும் ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் இச்சிக்கல் தீர்கிறது. ஓய்வுநிலையிலிருந்து வீழும் பொருளின் வேகத்தை அறிய, ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி, அதன் இருமடங்குக்கு வர்க்கமூலம் காண்கிறோம். நிலவில் 3.4 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் பொருளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3.3 மீட்டர். புவியில் அதன் ஆறில் ஒரு பங்கான 57 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து வீழும் பொருளும் அதே வேகத்தையே அடைகிறது. ஈர்ப்பு ஆறு மடங்காக, உயரம் ஆறில் ஒன்றாக, பெருக்கற்பலன் மாறாது நிற்கிறது. கவிழ்வதற்கும் இதே கணக்கு பொருந்தும்.

நீளம் ஆறில் ஒன்றானால் பருமன் 216இல் ஒன்றாகும். எனவே, இறங்கும்போது ஏறத்தாழ 294 கிலோகிராம் நிறையுடைய கலத்தின் மாதிரி, 1.4 கிலோகிராம் அளவே இருத்தல் வேண்டும். அந்நிறை உடலெங்கும் பரவியிருக்கும் முறையும் மூலக்கலத்தை ஒத்திருக்க வேண்டும். நிகழ்வுக்கான நேரமும் ஆறில் ஒன்றாகச் சுருங்குவதால், அதனைக் காண விரைவு ஒளிப்படக்கருவி தேவை. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் 1960களில் இத்தகைய மாதிரிகளைக் கொண்டு நிலவுத் தரையிறக்கம் ஆராயப்பட்டது.

மாதிரியின் எல்லை

மாதிரியால் விடை கூற இயலாத வினாவும் ஒன்று இருந்தது. நிலவின் சமவெளிகள் ஆழ்ந்த புழுதியால் மூடப்பட்டிருக்கலாம் என்று வானியலறிஞர் தாமஸ் கோல்டு 1955இல் கருத்துரைத்தார். தரையின் இயல்பு தெரியாதபோது, சோதனைக்கூடத்தில் எத்தகைய தரையை அமைப்பது? சர்வேயர் 1 அங்கு இறங்கியே அதற்கு விடை தந்தது. அதன் பாதங்கள் சில சென்டிமீட்டர் ஆழமே புதைந்தன. அது அனுப்பிய 11,000க்கும் மேற்பட்ட படங்கள், நிலவுத்தரை கலத்தைத் தாங்கவல்லது என்பதை உறுதிப்படுத்தின.

1967 ஏப்ரல் 20 அன்று இறங்கிய சர்வேயர் 3இன் இயந்திரங்கள் உரிய நேரத்தில் அணையவில்லை. தரையைத் தொட்ட கலம் மீண்டும் மீண்டும் மேலெழுந்தது. ஆயினும், அது கவிழாமல் ஒரு பள்ளத்தின் சரிவில் நிலைகொண்டது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 வீரர்களான சார்லஸ் கான்ராடும் ஆலன் பீனும் அக்கலத்தை நடந்து சென்றடைந்து, அதன் ஒளிப்படக்கருவியைக் கழற்றிப் புவிக்குக் கொண்டுவந்தனர்.

அளவு, நிறை, வேகம், நேரம் ஆகியவற்றை முறையாகப் பொருத்தினால், சிற்றுரு வேற்றுலகின் இயக்கத்தை நம் கண்முன் நிறுத்தும். தரையைப் பற்றிய அறிவையோ அங்குச் சென்று பெற்றுவர வேண்டும். கணக்கும் களமும் ஒன்றையொன்று நிறைவு செய்தமையாலேயே நிலவுப் பயணம் கைகூடியது.

தெரிந்து தெளிவோம்

சந்திரயான் திட்டத்தின் தரையிறக்கச் சோதனைகளுக்கு நிலவு மண்ணை ஒத்த மண் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் பாறையைப் பொடித்து அம்மண் உருவாக்கப்பட்டது.