தண்ணீர் பிடித்தால் உடும்புப் பிடி!

இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்துங்கள். இப்போது பிரியுங்கள் பார்க்கலாம். ம்ஹூம்! வழுக்குமே தவிர, லேசில் பிரியாது. இந்தப் பிடிவாதம் பெரிய பெரிய விஞ்ஞானிகளையே படாதபாடு படுத்தியிருக்கிறது.

1986-ல் கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் என்ற மூவர் 'அட்டாமிக் ஃபோர்ஸ் மைக்ராஸ்கோப்' என்றொரு கருவியை உலகத்துக்குக் காட்டினார்கள். பெயர்தான் மைக்ராஸ்கோப், பார்ப்பதற்கு லென்ஸ் கிடையாது. பிரெய்ல் எழுத்தை விரலால் தடவிப் படிப்பது மாதிரி, மெல்லிய பட்டை ஒன்றின் நுனியில் இருக்கும் ஊசி, பொருளைத் தடவித் தடவியே படம் போட்டுவிடும். ஊசி முனையின் ஆரம் சுமார் 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர்!

சிக்கல் காற்றில் இருந்தது. குறுகலான இடுக்கில் நீராவி சீக்கிரமே தண்ணீராகிவிடும் என்பது கெல்வின் பிரபு 1871-லேயே போட்ட கணக்கு. மழை வேண்டாம், பனி வேண்டாம். காற்றில் சாதாரண ஈரம் இருந்தாலே போதும். ஊசி தொட்ட இடத்தில் குட்டியாக ஒரு தண்ணீர்ப் பாலம் முளைத்துவிடும். ஊசியைத் தூக்கினால் பட்டை வளையும், ஊசி வராது. இன்னும் இழுத்தால்... படக்!

அந்தப் பிடி எவ்வளவு? கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். தண்ணீர் நன்றாகப் படரும் பரப்பானால், சுமார் 9 நானோநியூட்டன். 'பூ, இவ்வளவுதானா?' என்காதீர்கள். சிலிக்கான் அணுவையும் கார்பன் அணுவையும் சேர்க்கும் பிணைப்பை அறுக்கவே சுமார் 2 போதும் என்று 1999-ல் அளந்திருக்கிறார்கள். அப்புறம் மிருதுவான டி.என்.ஏ. இழையின் கதி?

இன்னொரு வம்பும் உண்டு. ஒரு பொருளின் ஒட்டும் குணத்தை அளந்துவிட்டதாக விஞ்ஞானி சந்தோஷப்படுவார். உண்மையில் அளந்தது அன்றைய காற்றின் ஈரத்தை! ஈரப்பதம் மாறினால் விடையும் மாறும். அதனால்தான் ஈரப்பதத்தைக் குறிக்காத அளவை நம்பக் கூடாது என்கிறார்கள்.

பரிகாரம்? கருவியை உலர்ந்த நைட்ரஜனுக்குள் வைக்கலாம். எனக்குப் பிடித்தது இன்னொரு வைத்தியம்: ஊசியையும் பொருளையும் சேர்த்துத் தண்ணீரிலேயே முக்கிவிடுவது! சுற்றிலும் தண்ணீர் என்றால் பாலம் ஏது, பிடி ஏது?

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து சாட் மிர்கின் குழு இதற்கும் ஒரு படி மேலே போனது. 1999-ல் ஊசியில் 'மை'யாக ஒரு ரசாயனத்தைத் தடவி, அதே தண்ணீர்ப் பாலத்தின் வழியே இறக்கி, தங்கத்தின் மேல் 30 நானோமீட்டர் அகலத்தில் கோடு போட்டுக் காட்டியது.

போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்ட விருந்தாளியை, சும்மா இருப்பானேன் என்று கணக்கு எழுத உட்காரவைத்துவிட்டார்கள்!