கருமம் என்றால் தலைவிதியா?

சங்கரன்கோவிலில் ஆண்டுதோறும் ஆடித்தபசு. உழவரும் வருகிறார், தறி ஓட்டுபவரும் வருகிறார். சங்கன், பதுமன் என்ற நாக அரசர் இருவர் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கிட்டனர், கோமதியம்மன் தபசிருந்தாள், இருவரும் ஓருருவாகச் சங்கரநாராயணராய்க் காட்சி தந்தனர். இது தலபுராணம். கதையைக் குழந்தையும் சொல்லும். கதையிலுள்ள சொற்களுக்குப் பொருள் சொல்வார் எத்தனை பேர்?

தபசு என்பதன் வேர்ப்பொருள் வெப்பம், தன்னைத்தானே காய்ச்சிக்கொள்ளுதல். நாரம் என்றால் நீர். நீரை இடமாகக் கொண்டவன் நாராயணன் என்பது பழைய விளக்கம். 'சம்' என்றால் நன்மை, 'கர' என்றால் செய்கிறவன். ஆகவே சங்கரன் என்றால் நன்மை செய்பவன்.

இந்தக் 'கர' பிறந்த வேரிலேதான் கர்மம் என்ற சொல்லும் பிறந்தது. அதன் நேர்ப்பொருள் செய்கை, வேலை! ஒருவன் பெரியவனா சிறியவனா என்று உரைத்துப் பார்க்கும் கல் அவனுடைய செய்கையே என்று சொல்லவந்த வள்ளுவரும் 'கருமம்' என்றே எழுதினார்.

அந்தச் சொல்லின் இன்றைய நிலை என்ன? கூலி போதவில்லை என்றால், "உன் கர்மம்" என்கிறார்கள். பிள்ளைக்குப் படிப்பில்லையா? "போன பிறவிக் கர்மம்." அருவருப்பைக் கண்டாலும் "கருமம், கருமம்!" உழைப்பைக் குறித்த சொல், உழைப்பவன் வாயை அடைக்கும் சொல்லாகிவிட்டது!

சாத்திரம் அப்படித்தானே சொல்கிறது என்பீர்கள். சாத்திரம் சொல்வது மூன்று. சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம். இப்போது பலன் தருவது பிராரப்தம். இன்று நாம் செய்வது ஆகாமியம். ஏழையின் காதில் நடுவிலுள்ளதை மட்டும் ஓதுகிறார்கள். 'இன்று நீ செய்வதும் கணக்கில் உண்டு' என்ற மூன்றாவதை மறைப்பானேன்?

தர்மமும் இதே கதிதான். தாங்குவது எனப் பொருள்படும் வேரில் வந்த சொல் அது. சமுதாயத்தைத் தாங்கும் ஒழுங்கைக் குறித்தது. இன்றோ, தெருவில் போடும் காசு தர்மம்! உரிமையென்று கேட்ட கூலியைத் தர்மமென்று நீட்டுகிறவனும் இருக்கிறான்.

பொருள் புரியாதவரையில்தான் இந்த வித்தை செல்லும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் 2021 ஆகஸ்டில் 'அன்னைத் தமிழில் அர்ச்சனை' தொடங்கியபோது, எதற்கு இது என்று கேட்டவர் உண்டு. எதற்கா? தன் பெயரால் சொல்லப்படுவது என்னவென்று கும்பிடுகிறவனுக்குத் தெரிய வேண்டும், அதற்கு!

தோழர்களே! பக்தி உள்ளவர் பக்தியோடு கேளுங்கள். இல்லாதவர் அறிவோடு கேளுங்கள். இனி எவரேனும் "உன் கர்மம்" என்றால், "ஆம் ஐயா, கர்மம் என்றால் வேலை. செய்துவிட்டோம். கூலி எங்கே?" என்று கேளுங்கள்.