மீட்கப்பட்ட பூனைக்குட்டிகளின் உடல்நலமும் தூய்மையும்

தாயைப் பிரிந்து, தெருவோரம், சாக்கடை விளிம்பு, நிறுத்தி வைத்த வண்டியின் அடிப்பகுதி போன்ற இடங்களில் கிடந்து, மனிதரால் எடுத்து வரப்படும் பூனைக்குட்டிகள் மீட்கப்பட்ட குட்டிகள் எனப்படுகின்றன. இவை பெரும்பாலும் உடல் குளிர்ந்தும், நீர் வற்றியும், தெள்ளுப்பூச்சி மொய்த்தும், கண்ணில் பீளை ஒட்டியும் இருக்கும். பார்த்தவுடன் அழுக்கைக் கழுவிப் பால் கொடுக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். முதல் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடாதவை அந்த இரண்டும்தான். முதலில் சூடு, பிறகு நீர், அதன்பின் உணவு, எல்லாவற்றுக்கும் பிறகே குளியல் என்பது சரியான வரிசை. இவ்வரிசை மாறுவதாலேயே பிழைத்திருக்கக்கூடிய பல குட்டிகள் இறந்துபோகின்றன.

நான் ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில், ஓர் ஐப்பசி மழை நாளில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் நனைந்த குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தான். குழாயடியில் சேறு போகக் கழுவினோம். தேநீர்க் கடையிலிருந்து பால் வாங்கிவந்து, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் அதன் வாயில் விட்டோம். மாலை மணி அடிக்கும் முன் அது இறந்துவிட்டது. "பால் குடிச்சுதே டீச்சர், அப்புறம் ஏன் செத்துப்போச்சு?" என்று அவன் கேட்டதற்கு அன்று என்னிடம் விடை இல்லை. அந்த விடையைக் கீழே, சூடு பற்றிய பகுதியில் காணலாம்.

எடுப்பதற்கு முன்

தனியாகக் கிடக்கும் குட்டிகள் எல்லாம் கைவிடப்பட்டவை அல்ல. தாய்ப்பூனை இரை தேடிப் போயிருக்கலாம்; இடம் மாற்றுவதற்காகக் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்றுகொண்டும் இருக்கலாம். குட்டி கொழுகொழுவென்று, உடல் சுத்தமாக, அமைதியாகத் தூங்கினால் தாய் அருகில்தான் உள்ளது. மழை, நாய், வாகனம் போன்ற உடனடி ஆபத்து இல்லாதபோது, தொலைவில் நின்று சில மணி நேரம் கவனிப்பதே நல்லது. மனிதர் கை பட்டால் தாய் குட்டியைச் சேர்த்துக்கொள்ளாது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் பெரும்பாலான தாய்ப்பூனைகள் குட்டியைத் திரும்ப ஏற்றுக்கொள்கின்றன. தாயின் பாலுக்கு ஈடான மாற்று எதுவும் இல்லை. குறிப்பாக, பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் குட்டி தன் நோய் எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது.

வயதை அறிதல்

உணவும் மருந்தும் வயதைப் பொறுத்தே அமையும். தொப்புள்கொடி ஒட்டியிருந்தால் குட்டி பிறந்து சில நாட்களே ஆகியிருக்கும். கண் 7 முதல் 14 நாட்களுக்குள் திறக்கும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் காது நிமிர்ந்து, முன்பற்கள் தெரியும். நான்கு வாரத்தில் தடுமாறாமல் நடக்கும். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி, நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூட வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வைப்பது நல்லது. குட்டி சோர்ந்து படுப்பதற்கு முன்பே எடை நின்றுபோவது நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சூடு

முதல் வாரத்தில் குட்டியின் இயல்பான உடல் வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ். வளர்ந்த பூனைக்கு 38 முதல் 39 டிகிரி. இளங்குட்டிக்கு நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் திறன் இல்லை. தாயின் வயிறும் உடன்பிறந்த குட்டிகளின் உடலுமே அதற்குப் போர்வை. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குடலின் அசைவு நின்றுவிடுகிறது. அந்நிலையில் ஊற்றும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிக் கெடும். விழுங்கும் திறனும் குறைந்திருப்பதால் பால் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் செல்லவும் கூடும். நாங்கள் அன்று குழாய் நீரில் கழுவி இன்னும் குளிரச் செய்து, அதன் மேல் பாலும் ஊற்றினோம்.

குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். நனைந்திருந்தால் முதலில் நன்றாகத் துடைக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் பழைய வேட்டித் துணியை விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்து கொள்வதற்கு மறுபக்கம் காலியாக இருக்கட்டும். பாட்டில் நேரடியாகத் தோலில் படக்கூடாது. குளிர்ந்த குட்டிக்குத் தீப்புண் ஏற்படுவதை அது உணராது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற வேண்டும். அவசரப்பட்டு அடுப்பருகில் வைப்பது ஆபத்து. முதல் வாரக் குட்டிக்குச் சுற்றுப்புறம் 30 முதல் 32 டிகிரி வேண்டும். சித்திரையில் நம் ஊர் அறையே அந்தச் சூட்டில் இருக்கும். மார்கழி இரவிலும், மின்விசிறியோ ஏ.சி.யோ ஓடும் அறையிலும்தான் குட்டிகள் குளிர்ந்துபோகின்றன.

குட்டி துவண்டு கிடந்தால், சூடேறும்போதே சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவலாம். இரத்தத்தில் சர்க்கரை குறைவதும் அந்தத் துவளலுக்கு ஒரு காரணம். உடல் வெதுவெதுப்பாகி, விழுங்கத் தொடங்கிய பின், ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சில சொட்டுகள் கொடுக்கலாம். ஈறு பிசுபிசுப்பாக இருப்பதும் சிறுநீர் அடர் மஞ்சளாக வருவதும் நீர் வற்றியதைக் காட்டும். இந்நிலை நீடித்தால், தோலுக்கடியில் நீர் ஏற்றக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

பால்

பசும்பாலில் உள்ள புரதத்தைப் போல இரு மடங்குக்கும் மேலான புரதம் பூனைப்பாலில் உண்டு. பசும்பாலில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையும் கூடுதல். அதனால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, ஏற்கெனவே நீர் வற்றிய குட்டி இன்னும் வற்றிப்போகும். கைக்குழந்தைக்குச் செய்வதைப் போலத் தண்ணீர் கலந்து கொடுத்தால் இருக்கும் சத்தும் குறையும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால்மாவு விற்கப்படுகிறது. வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளிலும் இணையத்திலும் அதை வாங்கலாம்.

குட்டி தாயிடம் குடிக்கும் அதே நிலையில், குப்புறப் படுத்துத் தலையைச் சற்று உயர்த்தியே குடிக்க வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். ஊசி நீக்கிய சிரிஞ்சில் ஒவ்வொரு சொட்டாக, அது விழுங்கிய பின்னரே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு, 100 கிராம் எடைக்கு ஏறத்தாழ 4 மி.லி. போதும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் கொடுக்க வேண்டும். நான்காம் வாரத்திலிருந்து கூழான உணவைப் பழக்கலாம்.

பலர் அறியாத ஒன்று உண்டு. மூன்று வாரத்துக்குட்பட்ட குட்டி தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்காது. தாய் நக்கித் தூண்டிவிடும். அதற்குப் பதிலாக, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு வேளையும் அடிப்பகுதியை மெல்லத் தடவிவிட வேண்டும். செய்யாவிட்டால், நன்றாகக் குடித்த குட்டியும் வயிறு உப்பித் துன்பப்படும்.

தெள்ளும் குளியலும்

தெள்ளுப்பூச்சி வெறும் அரிப்புத் தொல்லைதானே என்று எண்ணக்கூடாது. 300 கிராம் எடையுள்ள குட்டியின் உடலில் இருக்கும் இரத்தம் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான தெள்ளுகள் நாள்தோறும் உறிஞ்சினால் இரத்தசோகையால் இறந்துவிடும். ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

முடிக்கிடையே மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் தெரிந்தால், ஈரமான வெள்ளைக் காகிதத்தில் உதறிப் பார்க்கலாம். சுற்றிலும் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். மண்ணாக இருந்தால் நிறம் கசியாது. மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சிறு சோதனை இது.

எளிய தீர்வு, நெருக்கமான பற்களுள்ள சீப்பு. வாரிய தெள்ளுகளைச் சோப்பு நீரில் போட்டுவிட வேண்டும். மிகுதியாக மொய்த்திருந்தால் மட்டுமே, அதுவும் குட்டி சூடாகவும் தெம்பாகவும் இருக்கும்போது, வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பால் சில நிமிடங்களுக்குள் குளிப்பாட்டலாம். முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரையால் வளையம் இட வேண்டும். இல்லாவிட்டால் தெள்ளுகள் முகத்துக்கு ஏறிவிடும். தலையை நனைக்க வேண்டாம். உடனே துடைத்து, முழுவதும் உலரும்வரை சூட்டில் வைக்க வேண்டும். பிடரியில் இடும் சொட்டு மருந்துகள் பலவும் 8 வாரம் கடந்த குட்டிகளுக்கே உரியவை.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை அவசியம். பல இரசாயனங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாய்களின் தெள்ளு, உண்ணி மருந்துகளிலும் மனிதருக்கான பேன், சிரங்கு மருந்துகளிலும் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. வலிப்பு வந்து இறந்துவிடும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலும் அப்படியே. கற்பூரம், பூச்சி உருண்டை, மண்ணெண்ணெய், பினாயில் ஆகிய எதையும் குட்டியின் மேல் தடவக்கூடாது. புண்ணில் புழு வைத்துவிட்டால் பூச்சி உருண்டையைப் பொடித்துத் திணிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. புழு சாகலாம், குட்டியும் சாகும். புழுப்புண் மருத்துவர் கையால் சுத்தம் செய்யப்பட வேண்டிய ஒன்று.

கண், மூக்கு, காது

ஹெர்பிஸ், கலிசி என்னும் இரு வைரஸ்களே குட்டிகளின் சளிக்கு முக்கியக் காரணங்கள். இவை மனிதருக்கு ஒட்டுவதில்லை. கண் ஒட்டிக்கொண்டால், கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் கண்ணின் மேல் வைத்து, பீளை ஊறியபின் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு எடுத்த பஞ்சை மறு கண்ணுக்குப் பயன்படுத்தக்கூடாது. பிரித்து இழுத்தால் இமை கிழியும். இன்னும் திறக்காத கண் உள்ளே வீங்கியிருந்தால், சீழ் தேங்கியுள்ளது என்று பொருள்; தாமதித்தால் பார்வை போகும். மூக்கடைத்த குட்டி மணம் தெரியாததால் உண்ண மறுக்கும். உணவைச் சற்றே சூடாக்கினால் மணம் எழும். காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு இருந்தால் அது காதுச் சிற்றுண்ணியின் வேலை. பஞ்சுக்குச்சியை உள்ளே விடாமல் மருந்து பெறுவதே சரி.

வயிறு

உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் குடற்புழு இருக்கும். உருண்டைப்புழுவின் இளம்பருவம் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது. அதனால் மருத்துவர்கள் இரண்டாம் வாரத்திலிருந்தே, இரு வாரங்களுக்கு ஒரு முறை புழுநீக்க மருந்து தருகிறார்கள். மலவாயைச் சுற்றி அரிசிமணி போன்றவை தெரிந்தால் அது நாடாப்புழு. தெள்ளை நக்கி விழுங்குவதால் வருவது. தெள்ளு ஒழியாமல் இதுவும் ஒழியாது.

அஞ்ச வேண்டியது பேன்லூகோபீனியா என்னும் பார்வோ வகை வைரஸ் நோய். வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலை தொங்க உட்கார்ந்திருத்தல் ஆகியவை அறிகுறிகள். ஒரே நாளில் இறக்கும் குட்டிகளும் உண்டு. இவ்வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரை உயிர்த்திருக்கும். சாதாரண சோப்போ பினாயிலோ இதை அழிக்காது. 1 பங்கு திரவ பிளீச்சில் 32 பங்கு தண்ணீர் கலந்து, கழுவிய தரையில் 10 நிமிடம் ஈரமாக நிற்கவிட வேண்டும். பிறகு நன்றாக அலசிக் காய்ந்த பின்னரே பூனையை அங்கு விடலாம்.

வீட்டிலுள்ளவர்களின் பாதுகாப்பு

படர்தாமரை புழுவால் வருவதன்று, பூஞ்சையால் வருவது. குட்டியின் முகத்திலும் காதோரத்திலும் வட்டமாக முடி கொட்டியிருக்கும். தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளின் கையிலும் கழுத்திலும் விரைவில் தோன்றும். இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை வேண்டும். கொட்டிய முடியிலும் பூஞ்சை மாதக்கணக்கில் உயிர்த்திருப்பதால் துணிகளை அடிக்கடி துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும்.

பூனை மலத்தின் வழி பரவும் டாக்சோபிளாஸ்மா, வெளியேறி ஒரு நாளாவது கழிந்த பின்னரே தொற்றும் தன்மை பெறுகிறது. ஆகவே மணல் தட்டை அன்றாடம் அள்ளுவதே பெரிய பாதுகாப்பு. கருவுற்ற பெண்கள் அவ்வேலையைச் செய்ய வேண்டாம்.

தெருவில் எடுத்த குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, "குட்டிதானே" என்று விட்டுவிடக்கூடாது. வெறிநாய் கடித்த குட்டிக்கும் ரேபிஸ் வரும். நோய் வெளிப்பட்டபின் மனிதரைக் காப்பாற்ற வழியில்லை. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். குட்டியைத் துண்டால் சுற்றித் தூக்கினால் கீறல் பெரும்பாலும் படாது. கடித்ததற்குத் திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைப்பதுண்டு. அதனால் பெரியவர்கள் கோபிக்காமல் கேட்க வேண்டும்.

தனிமையும் தடுப்பூசியும்

வீட்டில் வேறு பூனை இருந்தால் புதிய குட்டியை இரண்டு வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும். கிண்ணம், துணி, மணல் தட்டு எல்லாம் தனி. பழைய பூனைக்கு முதலில் உணவு வைத்துவிட்டுப் பிறகு குட்டியிடம் செல்வது, வெளியே வரும்போது கை கழுவிச் சட்டை மாற்றுவது ஆகியவை தொற்றைக் குறைக்கும். ஈரம் பட்டால் கட்டியாகும் வகை மணலைச் சிறு குட்டிக்கு வைக்க வேண்டாம். தின்று பார்க்கும், குடலில் அடைத்துக்கொள்ளும்.

முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில். தாயிடம் பெற்ற எதிர்ப்பாற்றல் ஊசியின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால், 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை மீண்டும் போடப்படுகிறது. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். தமிழ்நாட்டில் ஊர்ப்புறங்களிலும் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறு பிராணிகளுக்குச் சிகிச்சை உண்டு. போகும்போது எடை குறித்த தாளையும், அன்றைய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்தும் சென்றால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும். வழியில் குட்டி குளிராமலிருக்க வெந்நீர் பாட்டிலையும் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளவும்.