அச்சில் வார்த்த முகம்

வார்ப்பிரும்பு உண்டியல் ஒன்று. மார்பளவில் ஒரு கறுப்பின மனிதர். ரத்தச் சிவப்பில் தடித்த உதடு, பிதுங்கிய கண்கள். உள்ளங்கையில் காசை வைத்து முதுகிலுள்ள விசையை அழுத்தினால் கை வாய்க்குப் போகும், கண் செருகும், காசு உள்ளே விழும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் குழந்தைகள் சேமிக்கப் பழகிய விளையாட்டுச் சாமான்களில் இதுவும் ஒன்று.

மிகைப்படுத்திய முகம் மூளையில் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? கில்லியன் ரோட்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1987-ல் சோதித்தபோது, பழகிய முகங்களை உள்ளபடி வரைந்த கோட்டோவியத்தைவிடக் கேலிச்சித்திரத்தில்தான் மக்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள். சராசரி முகத்திலிருந்து ஒருவர் எங்கெங்கே விலகுகிறார் என்பதையே மூளை குறித்துவைக்கிறது போலும். சதுரத்தை விட்டு நீள்சதுரத்தைத் தேர்ந்தெடுக்கப் பழக்கிய எலி, இன்னும் நீளமான ஒன்றைக் கண்டால் அதைத்தான் நாடும். நம் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், கலை தரும் கிளர்ச்சியையே இந்த எலியை வைத்து விளக்கினார்.

ஆனால் நல்ல கேலிச்சித்திரம் ஓர் ஆளை மற்ற எல்லாரிடமிருந்தும் பிரித்துக் காட்டும். உண்டியல் செய்தவரின் எதிரே ஆளே இல்லை. லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே முகத்தை வார்த்துவிட்டார். கறுப்பினத்தவர் ஒருவரை நேரில் பார்க்கும் முன்பே பிள்ளைக்கு அந்த முகம் மனப்பாடம். புத்தகம் என்றால் மூடிவைக்கலாம். அதே முகம் உப்புக் குப்பியிலும் இருந்தது; அதை வேளாவேளைக்குக் கையில் எடுத்தாக வேண்டுமே.

டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் சிறுவயதில் அலபாமாவில் அப்படியொரு உப்புக் குப்பியைக் காசு கொடுத்து வாங்கி, விற்றவர் கண்முன்னே போட்டு உடைத்தார். பிறகு உடைக்கவில்லை, சேர்த்தார். 1996-ல் 2,000 பொருள்களை மிச்சிகனின் ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அங்கே இனவெறியைக் காட்டும் பொருள்களுக்கான ஜிம் க்ரோ அருங்காட்சியகம் உருவானது. அவர் செய்தது சரி. எல்லாவற்றையும் உடைத்திருந்தால், இப்படியும் நடந்ததா என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விற்ற ‘டார்க்கி’ பற்பசை 1989-ல் ‘டார்லி’ ஆயிற்று. உறையில் சிரித்த கறுப்பு முகமும் மாறியது. அங்குள்ள நம்மவர்கள் காலையில் எந்த முகத்தில் விழித்தார்கள் என்பதற்குப் பழைய உறைதான் சான்று.

திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு இப்படி முகம் வார்ப்பது தூரத்துச் சங்கதி அல்ல. நவராத்திரிக்கு வேளிமலை குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் வந்து இங்குள்ள கோயிலில்தான் தங்குகிறார். குறமகள் வள்ளியை மணந்தவர் அவர். அதே நாள்களில் தமிழ் வீட்டுக் கொலுப்படிகளில் குறவன் குறத்தி பொம்மைகளும் இடம்பெறுவதுண்டு, பார்த்தவர் சிரிப்பதற்கென்றே. செட்டியார் பொம்மைக்கும் தொந்தி உண்டே என்பார்கள். செட்டியார் அதைத் தம் வீட்டுக் கொலுவிலேயே வைத்துச் சிரிக்கலாம். குறவர்கள் யாரைப் பொம்மையாக்கி எந்தப் படியில் வைத்தார்கள்?

சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு 2023-ல் தடை விதித்தது. அதைக் காட்டிப் பொம்மைகளையும் ஓசைப்படாமல் பரணிலிருந்து குப்பைக்கு அனுப்பிவிடக் கூடாது. அவற்றின் அச்சுகளையும் சேர்த்து அருங்காட்சியகங்கள் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டையைக் குறவர் சமூகத்தினரே எழுதட்டும்.