பென்ஷனில் கை வைப்பது எப்படி?

பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்கும் பெண்களில் ‘கார்மென்ட்ஸ்’ வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. மகள் கல்யாணம், வட்டிக்கடன், வாடகை வீட்டு அட்வான்ஸ் என்று வேண்டுதல் எதுவானாலும், ஆண்டவருக்கு அடுத்தபடியாக அவர்கள் நம்புவது பி.எஃப். பணத்தை. 2016-இல் ஒன்றிய அரசு அந்தப் பணத்தில் கை வைத்தது. எல்லாம் அவர்களுடைய நன்மைக்காகத்தான்!

அரசு என்ன சொன்னது?

மாதம் 10,000 ரூபாய் சம்பளத்துக்கு பி.எஃப். பிடிக்கப்படும் 30 வயதுத் தையல் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளத்தில் 12 விழுக்காடு, அதாவது 1,200 ரூபாய், பி.எஃப். கணக்குக்குப் போகும். கம்பெனியும் 1,200 போடும். ஆனால் அதில் 833 ரூபாய் ஓய்வூதிய நிதிக்குப் போய்விட, மிச்சம் 367 ரூபாய்தான் பி.எஃப். கணக்கில் சேரும். கடந்த ஐந்து வருடத்தில் அவர் போட்டது 72,000, கம்பெனி போட்டது 22,020. வட்டி தனி.

வேலையை விட்டு இரண்டு மாதம் வேறு வேலை கிடைக்காவிட்டால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதுவரை இருந்த வழக்கம். 2016 பிப்ரவரி 10 அன்று வந்த அறிவிக்கை, ‘நீ போட்டதை எடுத்துக்கொள், கம்பெனி போட்டதை 58 வயதில் வாங்கிக்கொள்’ என்றது. முதுமைக்குப் பாதுகாப்பாம். அந்த 22,020 ரூபாய்க்கு நம் தொழிலாளி 28 வருடம் காத்திருக்க வேண்டும். தையல் மெஷின் முன்னால் 58 வயதுவரை உட்கார்ந்திருந்து வேலை பார்த்தவரை விதி எழுதிய அதிகாரி எங்கே பார்த்தாரோ தெரியவில்லை.

பிறகு என்ன ஆயிற்று?

ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்து ஓசூர் சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் நகரின் பல பக்கங்களிலும் போராட்டம் பரவியது. கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை, எரிந்த பேருந்துகள் என்று பெங்களூரு ஸ்தம்பித்தது. ஜூலை 31 வரை ஒத்திவைக்கிறோம் என்று முதலில் சொல்லிப் பார்த்தார்கள். ஏப்ரல் 19 முடிவதற்குள் அறிவிக்கை அடியோடு ரத்து என்று தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவித்துவிட்டார்.

அந்த வருடம் இது இரண்டாவது பின்வாங்கல். பி.எஃப். எடுக்கும்போது 60 விழுக்காட்டுத் தொகைக்கு வரி என்று பட்ஜெட்டில் சொன்ன நிதியமைச்சர் அருண் ஜெட்லி, மார்ச் 8 அன்றே அதைத் திரும்பப் பெற்றிருந்தார்.

அப்படியானால் பென்ஷனைத் தொடவே முடியாதா?

தாராளமாகத் தொடலாம். அதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது: இன்று வேலையில் இருப்பவரை விட்டுவிட்டு, இனிமேல் சேரப்போகிறவர் மேல் கை வைக்க வேண்டும். இன்னும் வேலைக்கே வராதவர் எந்தச் சாலையில் வந்து உட்காருவார்?

தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு இரண்டு வழியையும் சோதித்துப் பார்த்தது. 2003-இல், பணியில் இருந்த அரசு ஊழியர்களின் சலுகைகளைக் குறைத்தபோது வேலைநிறுத்தம் வெடித்தது. ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. எடுத்த நடவடிக்கைகளில் பலவற்றை அரசே திரும்பப் பெற்றது. ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பங்களிப்பு ஓய்வூதியம் மட்டும் அலுங்காமல் நின்றுவிட்டது.

ஒன்றிய அரசு 2004 ஜனவரி 1 முதலும், கர்நாடகம் 2006 ஏப்ரல் 1 முதலும் சேர்பவர்களுக்கு என்று இதே வழியில்தான் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தன. கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற உத்தரவாதம் போய், மாதாமாதம் கட்டுவதைச் சந்தையில் போட்டு, விளைவதை வாங்கிக்கொள் என்றானது.

அந்தப் புதியவர்கள் இப்போது எங்கே?

அவர்களுக்கும் நரை விழுந்துவிட்டது. எண்ணிக்கையும் கூடிவிட்டது, ஓட்டும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மோடி அரசு ‘யு.பி.எஸ்.’ என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. 25 ஆண்டு பணி முடித்தால், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி. போன பாதி திரும்பி வந்துவிட்டது! கலபுரகிக்காரரான காங்கிரஸ் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே, யு.பி.எஸ்.ஸில் உள்ள ‘யு’ என்பது யூ-டர்ன் என்று கேலி செய்தார்.

ஆயுள் கூடக்கூட பென்ஷன் செலவும் கூடுகிறது என்று அரசுகள் சொல்வது பொய்யல்ல. சீர்திருத்தம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யார் தலையில் என்பதுதான் கேள்வி.

ஆகவே, சட்டம் போடும் இடத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு என்ன செய்துகொண்டார்கள் என்றும் பார்த்துவிடுவோம். முன்னாள் எம்.பி.க்களின் பென்ஷன் 2025 மார்ச்சில் மாதம் 25,000-இலிருந்து 31,000 ரூபாயாக உயர்ந்தது, அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு. எத்தனை காலம் எம்.பி.யாக இருந்தார் என்ற கேள்வி கிடையாது. ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,500 கூடுதல். நம் தையல் தொழிலாளிக்கோ பென்ஷன் வேண்டுமென்றால் குறைந்தது பத்தாண்டு பணி வேண்டும். அந்த 833 ரூபாய் போய்ச் சேரும் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இலிருந்து மாதம் 1,000 ரூபாய். ஒரு முன்னாள் எம்.பி.க்குக் கிடைப்பதை 31 தொழிலாளிகள் பகிர்ந்துகொள்ளலாம்.

அடுத்த முறை ‘ஓய்வூதியச் சீர்திருத்தம்’ என்று செய்தி வந்தால், சதவீதத்தைத் தேடுவதற்கு முன் தேதியைத் தேடுங்கள். ‘இந்தத் தேதிக்குப் பின் பணியில் சேர்பவர்களுக்கு’ என்றிருந்தால், நமக்கில்லை என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தத் தேதிக்குப் பின் சேரப்போகிறவர் இப்போது உங்கள் வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.